அவிராச்சனின் அசல் ஜீப்

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மலையில் ஆண்கள் இரண்டு விதமாகக் கெட்டுப்போவார்கள். சிலர் குடிப்பார்கள், சிலர் பள்ளி என்று நாங்கள் சொல்லும் தேவாலயத்தின் கமிட்டியில் சேர்ந்து பாதிரியாரோடு சண்டை போடுவார்கள். மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்த அவிராச்சன் இரண்டையும் செய்யாமல் ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டார்.

ஜீப் அவருடைய அண்ணன் பைலியுடையது. பட்டாளம் கழித்துவிட்ட வண்டி. தொடுபுழையில் ஏலத்தில் எடுத்து, பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் இன்ஜின் வைத்து, கட்டப்பனை வரை ஆள் ஏற்றி ஓட்டினார் பைலி. உள்ளே உட்கார்ந்தவர்களைவிட வெளியே தொங்கியவர்கள் அதிகம். அந்த வருமானத்தில்தான் தம்பி படித்தார், வேலைக்குப் போனார். பேருந்து வந்ததும் பைலி ஓட்டுவதை நிறுத்தினார். ஜீப் அவர் வீட்டுப் பலாமரத்தடியில் நின்று துருப்பிடித்தது. பிறகு பைலிக்கு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. அதன்பின் ஜீப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

"சேட்டாயி, வண்டிய நான் எடுத்துச் சரிபண்ணட்டுமா?" என்று அவிராச்சன் அண்ணனிடம் கேட்டபோது நானும் அங்கே கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துக்கோடா. உள்ள ஒரு பாம்பு குடும்பத்தோட இருக்கு. அதுகிட்ட மட்டும் சொல்லிட்டு எடு."

திரும்பி வரும் வழியில் அவிராச்சன் என்னிடம் சொன்னார்: "சின்ன வயசுல இருந்து அவன் ஓட்டினான், நான் உக்காந்தேன். ஒருநாளு நான் ஓட்டணும், அவன் பக்கத்துல உக்காரணும். பெருநாளுக்கு அவனைப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போவேன், பாத்துக்கோ." அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மழை தொடங்கும்முன் வண்டியை இழுத்துவந்து தன் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். தரைத் தகடு விரலால் குத்தினால் உதிர்ந்தது. எலிக்கூட்டை அள்ளினார், ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். தெரியாததை ஒர்க்‌ஷாப்பில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். அதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

பிறகு ஜோபிஷ் வந்தான். கட்டப்பனையில் டயர் கடை வைத்திருப்பவன், பழைய ஜீப்புக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். ஆண்டுதோறும் அவர்கள் கண்காட்சி நடத்துவார்கள். ஜோபிஷ் வண்டியைச் சுற்றி வந்தான்.

"அச்சாயா, பாடி நல்ல பாடி. ஆனா டீசல் இன்ஜினா? கூரைக்கம்பியா? இதெல்லாம் நம்ம நாட்டு வேலை. பட்டாளத்துல இருந்து வந்தப்போ எப்படி இருந்துதோ அப்படி இருக்கணும். அதுதான் அசல்."

அன்றிலிருந்து அவிராச்சன் அசலைத் தேடத் தொடங்கினார். பெட்ரோல் இன்ஜின் ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்தார். பைலி சேர்த்த ஒவ்வொன்றையும் கிரைண்டரால் அறுத்தார்: கூரைக்கம்பி, பின்பக்க மிதிபலகை, முன்சீட்டுக்குக் கீழே பற்றவைத்திருந்த தாழ்வான இரும்புப் படி. ஒரு பொருள் பிறந்த நாளில்தான் அது அதுவாக இருந்தது, அதன்பின் அது செய்த வேலையெல்லாம் அழுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மனிதர்களைப் பற்றியும் அப்படி நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வாதம் செய்து பயனில்லை.

வேலை சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. கரும்பச்சைப் பெயின்டில் ஒரு மேடுபள்ளம் கிடையாது.

தேவாலயத் திருவிழாவான பெருநாள் காலையில் அந்த ஜீப் பைலியின் முற்றத்தில் ஏறி நின்றது. பைலி வெள்ளை முண்டும் ஜிப்பாவுமாக, கைத்தடியோடு தயாராக இருந்தார். அவருடைய மனைவி ஏலிக்குட்டி அவருக்குச் சவரம் செய்து முகத்தில் பவுடரும் போட்டுவிட்டிருந்தாள். பைலி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். முன்சீட்டருகே வந்து நல்ல கையால் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து வலது காலைத் தூக்கினார். இடது கால் மடங்கியது. மறுபடி முயன்றார். பிறகு குனிந்து சீட்டுக்குக் கீழே பார்த்தார்.

"படி எங்கடா?"

"அது அசல்ல கிடையாது சேட்டாயி. நீ வெச்சதுதானே."

"நான் வெச்சதுதான்."

ஏலிக்குட்டிக்குப் பொறுக்கவில்லை. "வயித்தத் தள்ளிக்கிட்டு வலியோட நிக்கிற பொம்பளைங்க ஏறணும்னு வெச்ச படி அது. உன் பொண்டாட்டியும் ரெண்டு தடவ அதுல கால் வெச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனா. மறந்துட்டியா அவிரா?"

"நான் தூக்கி உக்கார வெக்கிறேன் சேட்டாயி, வா."

"ஏலக்கா மூட்டையா நான்?"

பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். முற்றம் சரிவு. பைலி கால் வைத்ததும் ஸ்டூல் சாய்ந்து அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. வெள்ளை முண்டில் சிவப்பு மண். அவிராச்சன் அக்குளில் கை கொடுக்கப் போனார்.

"தொடாதே" என்றார் பைலி. மனைவியின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தார். "நீ போ. வண்டிய நல்லாப் பண்ணிருக்க. பட்டாளத்துக்கே திருப்பிக் கொடுத்துடலாம்."

முண்டு மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டோவில் அவர் பள்ளிக்குப் போனார். ஆட்டோவின் பின்னால் ஜீப் வந்தது. முன்சீட்டில் யாரும் இல்லை. வழியெல்லாம் எங்கள் ஆட்கள் ஜீப்பைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அன்று மாலையே படியைத் திரும்பப் பற்றவைப்பதாக அவிராச்சன் சொன்னார். ஜோபிஷ் பதறினான்: "கண்காட்சி முடியட்டும் அச்சாயா. அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க." முடிந்தது. முதல் பரிசு, ஒரு பித்தளைக் கேடயம். அதற்குப் பிறகு சேற்றில் இறங்கும் என்று மழைக்காலத்தில் வண்டியை வெளியே எடுப்பதில்லை, தூசி படியும் என்று வெயில் காலத்திலும் எடுப்பதில்லை. பைலி அதைப் பற்றிக் கேட்டதுமில்லை. தம்பி போனால் ஏலிக்குட்டி காப்பி கொடுப்பாள், பைலி செய்தித்தாள் படிப்பார்.

போன வாரம் கொட்டகைக்குப் போயிருந்தேன். அவிராச்சன் பனியன் துணியால் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போதாவது ஒரு படி வைக்கக்கூடாதா, ஒருமணி நேர வேலைதானே என்று கேட்டேன்.

துணியை மடித்து வேறு பக்கத்தால் துடைத்தார்.

"வெல்டிங் வெச்சா அந்த இடத்துல பெயின்ட் கருகிப்போயிடும்" என்றார்.