நல்ல சப்பாத்து

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது எங்களை ஒரு பழைய பண்ணைக்குக் கூட்டிப் போவதாக ஆசிரியை கடிதம் கொடுத்து அனுப்பினார். முன்னொரு காலத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் அப்படியே காட்சிக்கு வைத்திருந்தார்களாம். சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஷ்லீரனில் எங்கள் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்வது என் வேலை. அப்பா சூரிச்சில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்தார். அங்கே பழகிய ஜெர்மன் சட்டி பானைக்குப் போதும், கடிதத்துக்குப் போதாது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. எனக்கோ ஒன்பது வயது, தலைக்கனம் தொண்ணூறு வயதுக்கு.

"குடியேறின ஆக்களின்ர பண்ணையாம்," என்று வாசித்தேன்.

"அவைக்கு ஆர் விசா குடுத்தது?" என்று அப்பா கேட்டார். அம்மா சிரித்துவிட்டார்.

மழைச் சட்டை, மத்தியானச் சாப்பாடு, நல்ல சப்பாத்து. கொண்டு வரவேண்டியவை இவ்வளவுதான். கடைசிச் சொல்லைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பள்ளிக்கூடமே நல்ல சப்பாத்தெண்டு எழுதிக் கேக்குதெண்டால் பிள்ளை குறைஞ்சதோட போகேலாது," என்றார். அவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அன்று மூன்று கடை ஏறி இறங்கி, வெள்ளை நிறத்தில், பளபளவென்று, வாரில் ஒரு சின்னப் பூ வைத்த சப்பாத்து வாங்கித் தந்தார். நான் அதைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஆசிரியை எங்களைப் பயணத்துக்குத் தயார் செய்தார். ஒரு போத்தலில் பாலாடையை ஊற்றி மூடி, ஆளுக்கொரு தரம் குலுக்கவைத்து வெண்ணெய் எடுத்துக் காட்டினார். என் முறை வந்தபோது நான் குலுக்கிய குலுக்கில் மூடி தெறித்து முன்னால் இருந்தவனின் கழுத்தில் பட்டது. பிறகு, அந்தப் பண்ணையில் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் வேலை இருந்தது, கோழிக்குத் தீனி வைப்பார்கள், விறகு சுமப்பார்கள் என்று சொல்லி, "நீங்கள் வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்? எழுதுங்கள்," என்றார். மேசையில் தட்டு வைப்பேன், முயல் கூட்டைக் கூட்டுவேன் என்று மற்றவர்கள் எழுதினார்கள். 'வீட்டுக் கடிதங்களை வாசிப்பேன்' என்று நான் எழுதினேன். ஆசிரியை குனிந்து அதை வாசித்தார். "எல்லாக் கடிதமுமா?" என்று கேட்டார். எல்லாம்தான் என்றேன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

பயணத்துக்கு முதல் நாள், நாளைக்குப் போடப்போவதையே போட்டு வரச்சொல்லியிருந்தார். வகுப்புக்கு வெளியே விறாந்தையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்போடு உள்ளே போவது வழக்கம். அங்கே வரிசையாகக் கணுக்கால் வரை மூடும் தடித்த சப்பாத்துகள், சிவப்புக் கயிறும் அடியில் காய்ந்த சேறுமாக இருந்தன. நடுவில் என்னுடையது, வெள்ளையாக, பூவோடு. இந்த நாட்டில் பயணத்துக்கு நல்ல சப்பாத்து என்றால் மலையில் நடக்கிற சப்பாத்து. அது எனக்கும் என் வீட்டுக்கும் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. "மிகவும் அழகு, ஆனால் அங்கே சேறு. வேறு இருக்கிறதா?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார். இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சப்பாத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் அகதி விண்ணப்பம் பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது. நான் வாசித்துச் சொன்னபடியே, கேட்ட பத்திரங்களை அப்பா அனுப்பியிருந்தார். இதில் பிழை விட்டவள் அதில் விட்டிருக்கமாட்டாள் என்று யார் சொல்வது? 

"கடிதத்தில நல்ல சப்பாத்தெண்டுதான் கிடக்கு, அப்பா. ஆனால் அது வேற நல்லது," என்றேன்.

அப்பா ஏசவில்லை. எழுந்து போய் சூட்கேசிலிருந்து மற்றக் கடிதத்தை எடுத்து வந்தார். "இதிலயும் வேற நல்லது ஏதும் இருக்கோ, பிள்ளை?"

திரும்ப வாசித்தேன். முன்பு சொன்னதே வந்தது. ஆனாலும், "தெரியாதப்பா," என்றேன். அந்தச் சொல்லை நான் அதுவரை வீட்டில் சொன்னதில்லை. அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து என் தோளைப் பிடித்தார்.

மறுநாள் காலை அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடம் வந்தார். பஸ் வாசலில் நின்றது. ஆசிரியை, யாரோ மறந்துவிட்டுப் போன தடித்த சப்பாத்து ஒரு சோடியை எனக்காக எடுத்து வைத்திருந்தார். வேறு இருக்கிறது என்ற என் பேச்சை அவர் நம்பவில்லை. அப்பா கடிதத்தை நீட்டினார். ஆசிரியை அதை இரண்டு தரம் வாசித்து, என்னென்ன பத்திரங்கள் அனுப்பினோம் என்று என்னிடம் கேட்டார். எல்லாம் சரி, அனுப்பியதும் சரி, மகள் ஒரு சொல்லும் தவறவிடவில்லை என்றார். அதை நான்தான் தமிழில் சொன்னேன், கொஞ்சம் கூட்டியே சொன்னேன். பிறகு அவர், "இனி இப்படிக் கடிதங்களைப் புதன்கிழமைப் பின்னேரம் என்னிடம் கொண்டு வாருங்கள். இது குழந்தையின் வேலை இல்லை," என்றார்.

அதையும் நான்தான் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

அப்பா ஆசிரியையைப் பார்த்துக் கைகூப்பினார். "ஓம் குஞ்சு, அதுதான் சரி. நீ போய் விளையாடு," என்று என்னிடம் சொன்னார்.

பண்ணை வரும் வரை பஸ்ஸில் அழுதேன். பாரம் இறங்கிய நிம்மதியில் அழுதேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். அப்பாவுக்கு இனி நான் தேவையில்லை என்று நினைத்துத்தான் அழுதேன்.