பூதக்கண்ணாடி அக்காவும் இரண்டாவது கோடும்

எங்கள் தையல் ஆலையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பூதக்கண்ணாடி அக்கா என்றால்தான் தெரியும். தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போகுமுன் கடைசியாக அவர் மேசைக்கு வரும். துணியில் மயிரிழை போல ஒரு கோடு ஓடினாலும் மஞ்சள் நாடாவைக் கட்டி ஒதுக்கிவிடுவார். என் தையலை அவர் திருப்பி அனுப்பாத நாளே கிடையாது. வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன், அவர் காதில் விழாமல்தான்.

“கண்ணை மூடிக்கிட்டு விட்டுடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது?” என்று மேற்பார்வையாளர் கெஞ்சுவார்.

“கண்ணை மூடிக்கிறதுக்கா எனக்குச் சம்பளம்?”

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்ணும் மூக்குக்கண்ணாடியும் கைக்கெட்டும் தூரத்துக்குத்தான் உதவும். பஸ் நம்பரை நான் படித்துச் சொன்னால்தான் ஏறுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு மாதமாகச் சிரித்த முகமாக வந்தார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வருகிறான். பெற்றோர் போனபின் அவனை வளர்த்துப் படிக்க வைத்தவர் அக்காதான். தன் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அது தானாகவே நின்றுபோனது. பதினோரு வருஷம் கழித்து வருகிறான், அதுவும் ஒரே ஒரு நாளைக்கு. அவன் மனைவிக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சாதாரணச் சளிகூட அவளுக்கு ஆபத்து. அவளை நெடுநாள் தனியே விட முடியாது.

அவன் வருவதற்கு இரண்டு நாள் முன்பு அக்காவுக்குத் தொண்டை கரகரத்தது. ஊரெல்லாம் கொரோனாத் தொற்று சுற்றிக்கொண்டிருந்த நேரம். மருந்துக்கடையில் பரிசோதனைப் பெட்டி வாங்கி வீட்டிலேயே செய்து பார்த்தார். ஒரே கோடு, தொற்று இல்லை. எனக்கே நிம்மதியாக இருந்தது. ஆனால் உடம்பு சரியில்லாவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று பெட்டியில் இருந்த தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். அதையெல்லாம் படிக்க எங்களில் வேறு யார் இருக்கிறார்கள்? லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருந்தார்.

தம்பி வரும் அன்று காலை, குச்சியை மூக்கின் இரண்டு துளையிலும் சுழற்றி, குப்பியில் கலக்கி, சொட்டு விட்டு, பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மேலே ஒரு கோடு. கீழே, இருக்கிறதா இல்லையா என்று நாமெல்லாம் சண்டை போடக்கூடிய இன்னொரு கோடு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கோடு இல்லை. மாட்டிக்கொண்டு பார்த்தார். இருந்தது. “மூணு தடவை கழட்டிக் கழட்டி மாட்டினேன்டி” என்று பின்னால் என்னிடம் வெட்கத்தோடு சொன்னார்.

படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினார். உடனே கூப்பிட்டான்.

“ஒரு கோடுதானேக்கா இருக்கு. ஸ்டேஷன்ல இறங்கிட்டேன், இதோ வரேன்.”

“போட்டோல விழல. எனக்குத் தெரியுது.”

“உன் கண்ணுக்கு எதுலதான் குறை தெரியாது? ஒரு மணி நேரம் உன்னைப் பாத்துட்டுப் போயிடறேனே.”

“மெலிசா இருந்தாலும் கோடு கோடுதான்டா. இங்கேருந்து அவளுக்கு இதையா வாங்கிட்டுப் போகப்போற? மேல வராத.”

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்து மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனேன். வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கச் சொன்னார். நாலைந்து படி இறங்கிய பிறகுதான், முகக்கவசத்தோடு கதவைத் திறந்தார். ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. கட்டில்மேல் பிரிக்காத புதுத் தலையணை. மேசையில் இரண்டு தட்டுகள். எப்போதும் தனியாக இருப்பவருக்குத் தனிமைப்படுத்திக்கொள்வதில் என்ன பெரிய கஷ்டம் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள் நான். என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

கீழே வந்தால், எதிர் நடைபாதையில் தொப்பி போட்ட ஒருவர் மூன்றாவது மாடியைப் பார்த்தபடி பெட்டியோடு நிற்கிறார். கையிலிருந்த போனின் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது. தம்பிதான்.

“சாப்பிட்டியாடா?”

“ஆச்சுக்கா.” பொய் என்று எனக்கே தெரிந்தது.

அக்கா ஜன்னலுக்கு வந்தார்.

“முடி நரைச்சிடுச்சாடா?”

“நிறையவேக்கா.” தொப்பியைக் கழற்றி, ஜன்னல் பக்கமாகத் தலையைக் குனிந்து காட்டினான். “தெரியுதா?”

அக்கா ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றார்.

“தெரியுதுடா” என்றார்.

முப்பது வருஷத்தில் பார்க்காமலே அவர் பாஸ் செய்த ஒரே உருப்படி அதுதான்.