றப்பர்த் தளிர் நிறத்தில் ஒரு கூறைப்புடவை

எங்கள் றப்பர் மலை தையில் மொட்டையாகி, மாசியில் தளிர்க்கும். முதலில் செம்பு நிறம், பிறகு தேன் நிறம், அப்புறம் பச்சை. எல்லாம் பத்து நாளில் முடிந்துவிடும். வருஷம் முழுக்க றப்பர்ப் பால் நாறும் சட்டையோடு திரிகிற எனக்கு, அந்த நாட்களில் மட்டும் மலை பட்டுடுத்தி நிற்பதாகத் தோன்றும். அந்தச் செம்பு நிறத்தில்தான் கூறைப்புடவை வேண்டும் என்றேன். பிடிவாதம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் உரிமை. மாமியாராகப் போகிற அத்தையும் என்னைப் போலவே றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கேட்டதுமே முகத்தைச் சுளித்தார்.

"அரக்குச் செவப்புதான் வழக்கம். காஞ்ச எலக் கலர்ல யாராச்சும் தாலி கட்டிக்குவாங்களா?"

போனில் படம் எடுத்துக் காட்டினேன். வெறும் மண் நிறமாக வந்திருந்தது. பாழாய்ப்போன போன்! ஞாயிற்றுக்கிழமை எஹலியகொட டவுனுக்குச் சேலை எடுக்கப் போனபோது ஒரு தளிர்க் கொத்தையே ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். பஸ்ஸில் சரியான நெரிசல். கடையில் பிரித்தால், பால் வடிந்து கறுத்துச் சுருண்டு கிடக்கிறது.

"இந்தக் கருவாட்டுக் கலருக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்த அத்தை, அரக்குச் சேலைக்குக் கை நீட்டினார்.

வயதான கடை முதலாளி தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "இதக் காட்டினா நான் எந்த சாரிய எடுக்கிற, மகள்?"

எனக்கு அழுகை முட்டியது; கோபம் அதைவிட. "ரெண்டு பேரும் வாங்க" என்று அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடையின் பின்வாசலுக்குப் போனேன். எதிர் மேட்டில் றப்பர்த் தோட்டம், முழு வெயிலில்.

"அந்தா! நல்லா அண்ணாந்து பாருங்க!"

அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். "அடி ஆத்தே... முப்பது வருஷமா மரத்தடியிலதான் கெடக்குறேன். பட்டையையும் பால் வடியுற செரட்டையையுமே பாத்துப் பாத்து, மேல பாக்கவே இல்லியேடி." பிறகு முதலாளியிடம் திரும்பி, அதிகாரமாக, "அதையே எடுங்க மொதலாளி!" என்றார்.

முதலாளி ஏணி போட்டு, மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். செம்பு நிறப் பட்டு, ஓரத்தில் இளம்பச்சை. ஜெயித்துவிட்டேன்! கடை என்றும் பாராமல் கைதட்டினேன்.

பங்குனியில் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். என்ன கலர் இது என்று கேட்டவர்களை அத்தையே ஒரு கை பார்த்தார். அதற்குள் மலை முழுக்கக் கரும்பச்சை. செம்பு நிறத்தில் நின்றது நான் ஒருத்திதான்.