இரண்டு பேருக்கு ஒரே அட்டை

நான் வாழும் யோகோஹாமாவில் ரயில் அட்டையைக் கொண்டு அவித்த முட்டை வாங்கலாம். ரயிலுக்கும் பேருந்துக்கும் என்று முன்கூட்டியே காசு ஏற்றி வைக்கும் அட்டைதான் அது. ஆனால் சரியான கருவியின் மேல் வைத்தால் குடை கிடைக்கும், சூடான தேநீர்ப் போத்தல் வந்து விழும், பயணப் பெட்டியை வைக்கும் அலுமாரி பூட்டிக்கொள்ளும், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் சுழலத் தொடங்கும். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சோதிப்பது என் வேலை. எதையும் நிரல் போட்டுப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வந்த புதிதில் அட்டை செல்லும் இடங்கள், செல்லாத இடங்கள் என்று இரண்டு நிரல்கள் எழுதிக் குசினிச் சுவரில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். செல்லாதவற்றில் கடைசியாக எழுதியது மாதா கோவிலில் பூசை நேரத்தில் வரும் காணிக்கைத் தட்டு.

அந்த நிரல்கள் என் தலைக்குள் ஏற ஒரு வருடம் பிடித்தது. என் தங்கை டிலானிக்கு அரை நாள் போதுமாக இருந்தது.

போன வசந்தத்தில் அவள் இரண்டு வார விடுமுறையில் வந்தாள். திருகோணமலையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக இருக்கிறாள். பக்கத்திலுள்ள சீனன்குடாவில் வேலை பார்க்கும் ஜூட்டுக்கும் அவளுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கும் பூப்போட்ட அட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். சில வாரங்களில் தானாகவே காலாவதியாகிவிடும் அட்டை. என்னுடையது பூவில்லாதது, வேலைக்குப் போய்வரும் பாதை அச்சிட்டது. முதல் பொறாமை அங்கேயே தொடங்கியது என்று நினைக்கிறேன். இந்த நாடு அவளுக்குப் பூவைக் கொடுத்தது, எனக்குப் பாதையைக் கொடுத்தது.

முதல் நாளே ரயில் நிலைய நுழைவாயிலில் ஒரு கூத்து. டிலானி தன் அட்டையை வைத்துவிட்டு உள்ளே போனாள். உடனே எட்டி இன்னொரு தரம் வைத்தாள். "அக்கா, வாங்கோ. உங்களுக்கும் சேர்த்து வச்சிட்டன்." தங்கை கூப்பிட்டால் கால் தன்பாட்டில் போகும். இரண்டு பக்கமிருந்தும் சிறு கதவுகள் வந்து என் தொடையில் அடித்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. சீருடைக்காரர் ஓடி வந்தார். இவள் எனக்காகக் கட்டினாள் என்று நான் யப்பானிய மொழியில் விளங்கப்படுத்த, கட்டாமல் நுழையப் பார்த்தேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன். டிலானி உள்ளே நின்று, "அவரிட்டச் சொல்லுங்கோ அக்கா, காசு அட்டையில இருக்கெண்டு" என்று கத்தினாள்.

அவளில் பிழையில்லை. எங்கள் ஊர் பாலையூற்றிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போகும் பேருந்தில் வளர்ந்தவர்கள் எவரும் அப்படித்தான் செய்வார்கள். எங்கள் அம்மா ஆசுபத்திரியில் தாதியாக இருந்தவர். அம்மாவோடு பேருந்தில் ஏறினால் பின் இருக்கையிலிருந்து யாராவது, "மிஸ்ஸி, உங்களுக்கு எடுத்தாச்சு" என்று குரல் கொடுப்பார்கள். நடத்துநர் எங்களைத் தாண்டிப் போய்விடுவார். அம்மாவும் விடமாட்டார். அடுத்த தரிப்பில் தெரிந்த கிண்ணியாக்காரர் ஒருவர் ஏறினால், அவர் சட்டைப்பைக்குள் கைவிடும் முன்பே அவருக்கு எடுத்திருப்பார். யார் முதலில் காண்கிறாரோ அவர் கட்டவேண்டும், காண்பதில்தான் போட்டி. இங்கே அட்டைக்கு ஓர் ஆள். என்னை யாரும் முந்த முடியாது, நானும் யாரையும் முந்த முடியாது. அது ஒழுங்கு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என் துணையைத் தேடவில்லை. மூலைக்கடையில் அட்டையைக் கருவியில் வைக்காமல், ஊரில் காசு கொடுப்பதுபோல வலது கையால் கடைக்காரப் பெண்ணின் கையிலேயே கொடுத்தாள். அந்தப் பெண் திகைத்து, பிறகு சிரித்து, இரண்டு கையாலும் வாங்கித் தானே வைத்துவிட்டாள். சாப்பாட்டைச் சூடாக்கவா என்று அவள் கேட்டபோதும் டிலானி "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள், சூடாகவே கிடைத்தது. அதே பெண்ணிடம் நான் எத்தனை முறை சுத்தமான மொழியில் பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு அந்தச் சிரிப்பு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

வீட்டு விடயம் இல்லாவிட்டால் இதை நான் சகித்திருப்பேன். எங்கள் பக்கத்தில் பெற்றோரின் வீடு மூத்த பெண்ணுக்கு. பாலையூற்று வீட்டின் உறுதிப் பத்திரமும் என் பெயரில்தான். அம்மா தொலைபேசியில், "அவள் வந்து உன்னோட ஒரு கதை கதைப்பாள், பிள்ளை. கோவிக்காமல் கேள்" என்று சொல்லியிருந்தார். என்ன கதை என்று எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, நானும் தொடங்கவில்லை. அம்மாவும் அவளுக்கு, கடலும் அவளுக்கு, அந்தக் கடைக்காரியின் சிரிப்பும் அவளுக்கு, இப்போது வீடும் அவளுக்கா என்று மனதுக்குள் நிரல் நீண்டுகொண்டு போனது.

கடைசி நாளுக்கு முதல் நாள் துறைமுகம் தெரியும் குன்றுக்குப் போகப் பேருந்து ஏறினோம். டிலானி முன்னால் ஏறி, வெள்ளைக் கையுறை போட்ட சாரதியிடம் இரண்டு விரலைக் காட்டி, தமிழிலேயே, "அண்ணா, ரெண்டு பேருக்கு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஏதோ ஒரு பொத்தானை அமர்த்தி அட்டை வைக்கும் இடத்தைக் காட்டினார். ஒரே ஒரு ஒலி.

"ஏறுங்கோ அக்கா. உங்களுக்கு எடுத்தாச்சு."

ஒருவருக்கு மேல் கட்டுவதானால் முதலில் சாரதியிடம் சொல்லுங்கள் என்று கருவிக்கு மேலே எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். இரண்டாவது ஆள் இல்லாதபடியால் வாசித்ததில்லை.

இருக்கையில் அமர்ந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா சொன்னவவோ?"

"ஓம்."

"உங்களுக்கு விருப்பமில்லாட்டிப் பரவாயில்லை. ஜூட் சாம்பல்தீவில ஒரு வாடகை வீடு பாத்து வச்சிருக்கிறார். அம்மாவும் எங்களோட வருவா."

"அப்ப எங்கட வீடு?"

"பூட்டித்தான் வைக்கவேணும். நீங்கள் திரும்பி வருவீங்களோ?"

"தெரியாது."

"தெரியாட்டி, வீட்டுக்கு ஆர் விளக்குமாறு பிடிக்கிறது?"

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "உனக்கென்னடி, எல்லாம் கிடைச்சிட்டுது. அம்மா, கடல், மாப்பிள்ளை. இப்ப இந்த ஊர் டிரைவரும்."

"டிரைவரை நீங்களே வச்சிருங்கோ." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நான் பக்கத்தில இருந்து மருந்து குடுக்கிறன். அம்மா குளிசையை விழுங்கிப்போட்டு உங்கட கதைதான் கதைப்பா. அது எப்படி இருக்குமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. என் நிரலில் அது இல்லை. கீழே பாரந்தூக்கிகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. என் பொறாமை குறைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக ஒரு வீட்டைப் பூட்டி, அம்மாவை வாடகை வீட்டுக்கு அனுப்ப என்னால் ஏலாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

"வீட்டை எடு. உன்ர பேரில எழுதித் தாறன்," என்றேன். "ஆனா கரண்ட் பில் என்ர பேரிலயே இருக்கட்டும்."

"அதேன்?"

"இருக்கட்டுமடி."

"அப்ப ஆர் கட்டுறது?"

"நான்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப ஒரு ஏசி பூட்டட்டோ?"

இந்த ஊரின் நேரம் எங்கள் ஊருக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தியது. அங்கே மாலைக் கருக்கலில் அம்மா முன் விளக்கைப் போடும் வேளையில், இங்கே நான் படுக்க ஆயத்தமாவேன். என் அறை விளக்கு அணைய, பாலையூற்றில் என் பெயரில் ஒன்று எரியும். மாத முடிவில் மின் அலகுகளைக் கைபேசியில் பார்த்துக் கட்டிவிடுவேன். இந்த மாதம் அலகுகள் திடீரென்று கூடியிருக்கின்றன. ஏசி பூட்டிவிட்டார்கள். அந்த வீட்டில் காற்று அதிகம் வராதது என் பழைய அறைதான். அங்கேதான் பூட்டியிருப்பார்கள்.