பிரேக்கை மிதித்தால் பாயும் வண்டி

அந்தக் கார் பட்டறையில் மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்றால்தான் தெரியும். ஒரு முழ நீளத் திருப்புளியின் நுனியை ஓடும் இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "பெல்ட் தேஞ்சிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும்.

வைத்தியம் தொடங்குமுன் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டிக்காரர் இறங்கிவிட வேண்டும். "நோயாளியைத் தவிர மத்தவங்க வெளிய நில்லுங்க" என்று விரட்டுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் எதையாவது மிதிப்பார், நடுவில் தன் கருத்தையும் சொல்வார், அது ஆகாது. ஓட்டிப் பார்க்கிற பழக்கமும் கிடையாது. காது இருக்கும்போது கால் எதற்கு என்று கேட்பார். மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய அக்காவுக்கு ஐம்பது வயது. லாண்டரியில் பதினொரு வருஷமாக நின்றபடியே இஸ்திரி போட்டுக் கால் வீங்கிப்போனவர். அங்கே துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேனுக்கு ஆள் தேவைப்பட்டது. மாத முடிவுக்குள் லைசென்ஸ் வாங்கினால் வேன் உங்களுக்கு, இல்லையென்றால் வெளி ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து சுத்தமாகக் கற்றுக்கொண்டார். டெஸ்ட்டுக்கும் ஸ்கூல் வண்டியிலேயே போயிருப்பார். தம்பிதான் விடவில்லை. நான் இருக்கும்போது வாடகை வண்டி என்ன கேடு என்று ஒரு பழைய காரை எங்கிருந்தோ பிடித்து வந்து சாவியைக் கையில் திணித்தார்.

அந்தக் காரில் அக்கா இரண்டு முறை டெஸ்ட்டுக்குப் போனார். இரண்டு முறையும் நிறுத்தக் கோட்டைத் தாண்டிப்போய்த்தான் நின்றார்.

"பிரேக்கை மிதிச்சா இஞ்சின் உறுமுதுடா. வண்டி முன்னாடி தள்ளுது."

"நீ மிதிச்சது ஆக்சிலேட்டர்க்கா. பதட்டத்துல வர்றதுதான்."

"அம்பது வருஷமா என்கூட இருக்குற கால். அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

சரி, பார்த்துவிடலாம் என்று அக்காவை இறக்கிவிட்டு பானட்டைத் திறந்தார். ஐடில், அதாவது வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடும் வேகம், எகிறுவதற்கு உள்ள வழக்கமான காரணங்களையெல்லாம் துருவினார். கால்மிதி பெடலில் சிக்கவில்லை. ஆக்சிலேட்டர் கேபிள் விறைப்பாக இல்லை. காற்று போகும் வழியில் படிந்த கரியைத் துடைத்தார். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்து வெடிப்பு தேடினார். இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் எண்ணூறிலேயே அசையாமல் நின்றது. திருப்புளியும் ஒன்றும் சொல்லவில்லை.

"வண்டிக்கு நோய் இல்ல. ஓட்டுறவங்க கால்லதான் நோய்" என்று தீர்ப்பு சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். லேத் பட்டறையில் சொன்னார், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொன்னார், டீக்கடையில் நடித்தே காட்டினார். தெருவில் அக்கா போனால், "இன்னைக்கு எந்தக் கால் வேலை செய்யுது?" என்று ஸ்பேர் பார்ட்ஸ்காரர் கேட்க ஆரம்பித்தார். அக்கா சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் ஒரு வாரம் காரைத் தொடவில்லை.

மாதம் முடியுமுன் கடைசி டெஸ்ட் வியாழக்கிழமை. புதன்கிழமை காலை அக்கா பட்டறைக்குள் நேராக வந்து, காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார்.

"இறங்குக்கா, பார்க்குறேன்."

"இறங்க மாட்டேன். நான் மிதிக்கிறேன், நீ கேளு."

வேறு யாராவது என்றால் டாக்டர் சாவியைப் பிடுங்கியிருப்பார். அக்காவிடம் நடக்குமா? முனகிக்கொண்டே திருப்புளியைக் காதில் வைத்தார். இஞ்சின் உறுமியது.

"ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடு."

"இங்க வந்து பாருடா."

கதவு விரியத் திறந்திருந்தது. அக்காவின் வலது கால் பிரேக்கின்மேல். இடது கால் வெளியே, தரையில். "ரெண்டு காலும் கணக்குல இருக்கு. மூணாவது இருந்தா நீயே தேடிக்கோ" என்றார்.

டாக்டர் மண்டியிட்டு, தலையைப் பெடலுக்கு அடியில் நுழைத்தார். அக்கா மிதித்தார், உஸ்ஸென்று காற்று சீறியது, இஞ்சின் எகிறியது. காலை எடுத்தார், சாதுவாக அடங்கியது. பிரேக்கை மிதிக்கும் காலுக்குப் பலம் கொடுக்கும் உருண்டை டப்பா ஒன்று உண்டு, பூஸ்டர் என்பார்கள். அதற்குள் ரப்பர் கிழிந்திருந்தது. பிரேக்கை மிதித்தால் மட்டும் கிழிசல் திறந்து, அந்த வழியாக வேண்டாத காற்று இஞ்சினுக்குள் ஓடியது. வண்டிக்காரரை இறக்கிவிட்டு இஞ்சினருகே நிற்பவருக்கு அந்த நோய் எந்த ஜென்மத்தில் தெரியும்? தலையை வெளியே எடுக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னுதுக்கா."

"எங்கிட்ட சொன்னாப் போதுமா? யார் யார்கிட்ட என் காலைப் பத்திச் சொன்னியோ, அத்தனை பேர்கிட்டயும் போய்ச் சொல்லு."

பூஸ்டர் வாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத்தானே போக வேண்டும். "அக்கா கால் எப்படி இருக்கு?" என்று கடைக்காரர் பல்லைக் காட்டினார். "கால் நல்லா இருக்கு. என் காதுதான் சரியில்ல" என்றார் டாக்டர். லேத் பட்டறையிலும் சொன்னார். டீக்கடையில் சொல்லும்போது ஆறு பேர் இருந்தார்கள். முழுசாகச் சொல்லி முடித்தார். பிறகு சாயங்காலம் வரை முதுகு ஒடியப் புது பூஸ்டரை மாட்டினார்.

வியாழக்கிழமை மதியம் அவருக்கு எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. ஒரே நட்டை மூன்று முறை கழற்றி மாட்டினார். இரண்டரை மணிக்குக் கார் தெருமுனையில் திரும்பியது. வேகம் குறைந்து, வாசலில் நின்ற அவருடைய செருப்புக்கு ஒரு சாண் தள்ளி அசையாமல் நின்றது. முள் எண்ணூறில் இருந்தது. அக்கா கண்ணாடியை இறக்கி, லைசென்ஸ் தேர்வில் தேறிய சீட்டை நீட்டினார்.

"இப்ப இறங்கணுமா டாக்டர்?"

டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

"நீ உட்காருக்கா" என்று சொல்லிவிட்டு, சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.