மாமனார் கிணற்றுக் கெளுத்தி

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள், ஒரு கெளுத்தி. பெண்களைக் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார். கெளுத்தி மட்டும் தோட்டத்துக் கிணற்றில் அவரோடு இருந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு மீன் விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை தூங்க விடாத சிநேகிதன் இருந்தால் இப்படித்தான். மாமனாரின் ஊர்க் கண்மாயை மீட்கக் கிளம்பிய குழுவில் அவன் இருந்தான், என்னையும் இழுத்துவிட்டான். அந்தக் கண்மாயில் விரால், கெண்டை, அயிரை எல்லாம் அற்றுப்போய், ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் கொழுத்துக் கிடந்தது. யாரோ பண்ணைக்குட்டையில் வளர்க்க, வெள்ளத்தில் தப்பி வந்தது. நம்மூர் மீன், தவளை, முக்குளிப்பான் பறவைக் குஞ்சு, எது வாய்க்கு எட்டினாலும் உள்ளே தள்ளிவிடும்.

கோடையில் கண்மாய் சுருங்கியதும் ஊரே இறங்கிச் சேற்றைக் கலக்கி, கெளுத்திகளை அள்ளிக் குழியில் புதைத்தது. சேறு படாத சட்டை ஊரில் இல்லை. மிச்சமிருந்த மடுவில், வேறு கண்மாயிலிருந்து கொண்டுவந்த விராலையும் அயிரையையும் விட்டோம். இனி மழை வந்தால் போதும் என்று எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டபோதுதான், சிநேகிதன் என் தோளில் கை போட்டான்.

"உங்க மாமனாரு கிணத்துல ஒண்ணு இருக்காமேப்பா?"

இருந்தது. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், வாய்க்காலில் துள்ளிய விரல் நீளக் குஞ்சைக் கொண்டுவந்து கிணற்றில் விட்டிருந்தார். இப்போது அது என் முழங்கை நீளம். காலையில் படியில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் போடுவார். அவர் குரல் கேட்டால் மேலே வரும். மின் கட்டணம், மூட்டுவலி, மருமகன்களின் குணம், எல்லாவற்றையும் அதனிடம்தான் பேசுவார். 'அந்தப் பய' என்றுதான் அதைச் சொல்வார். வேறு யார் நிழல் பட்டாலும் அது அடிக்குப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், கிணறு கண்மாய்க்கு மேட்டில் இருந்தது. நல்ல மழை பெய்தால் நிரம்பி வழிந்து, வாய்க்கால் வழியாக நேரே கண்மாய்க்குப் போகும். குழுவினர் இரண்டு முறை வலையோடு போய் வெறுங்கையோடு வந்தார்கள். அவராகப் பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. அவரோ, "ஒத்த மீனு. அது பாட்டுக்குக் கெடக்கு. அதப் போயி," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை கேட்டால் மறுக்க மாட்டார் என்று என்னை அனுப்பினார்கள்.

வழி நெடுகப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். பல்லுயிர், நீர்நிலை, வருங்காலம். கிணற்றடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. "மாமா, அந்த மீன எனக்குக் குடுத்துருங்க," என்று மட்டும் வாயில் வந்தது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அத்தை காதில் விழுந்துவிட்டது.

"தலை தீவாளிக்கு மோதிரம் போடுறோம்னப்பகூட வேணாம்னாரு மாப்ள. இம்புட்டு வருசத்துல வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். ஆசப்பட்டுட்டாரு. புடிச்சுக் குடுங்க, கொழம்பு வச்சிருவோம்."

நான் தின்பதற்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மீன் கிணற்றிலேயே இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆசைப்பட்டவன் மாதிரி தலையாட்டினேன்.

மாமனார் கூடையில் இட்லியை வைத்துக் கயிற்றில் இறக்கினார். ஏதோ பேசினார், எனக்குக் கேட்கவில்லை. அது தானாகக் கூடைக்குள் வந்தது. தூக்கி அத்தையிடம் கொடுத்துவிட்டு, வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அத்தை அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஏங்க, இது பொட்ட. வயிறு பூரா சினை."

சிநேகிதனிடம் சொன்னபோது, மழையில் இது வழிந்து போயிருந்தால், கண்மாயில் ஒரே ஒரு ஆண் தப்பியிருந்தாலும் நம்ம பாடு அதோகதி என்றான். அவனுக்கென்ன, அவன் அந்தக் குழம்பைச் சாப்பிடவில்லை. எவ்வளவு புளி ஊற்றியும் சேற்று வாடை போகவில்லை. அத்தை கண் முன்னால் நின்றதால், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன். மாமனார் ரசம் போதும் என்றார். "நல்லாருக்கா மாப்ள?" என்று கேட்டார். "நல்லாருக்கு மாமா," என்றேன். அந்த ஒரு பொய்க்கு வயிறு ராத்திரியே என்னைத் தண்டித்துவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கிணறு நிரம்பிவிட்டதா பார்த்து வா என்று குழுவில் சொன்னதால், கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். கிணற்றடியில் குடை பிடித்தபடி மாமனார் நின்றிருந்தார். தண்ணீர் விளிம்பு தாண்டி வாய்க்காலில் இறங்கி, சலசலவென்று கண்மாய்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கவே மனசு நிறைந்தது. மழையில் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வருசா வருசம் கெணறு வழியிறப்ப இங்கதான் நிப்பேன் மாப்ள. தண்ணியோட அந்தப் பய போயிரக் கூடாதேன்னு வலையக் கட்டிக்கிட்டு நிப்பேன். இன்னைக்கு மழையப் பாத்ததும் வந்துட்டேன். வந்தப்பறந்தான் நெனப்பு வந்துச்சு."

அவர் குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். மழை விடும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.