சவரிமுத்து பிரித்துக் காட்டாத பை

செய்தியைக் கொண்டுவந்தவர், பழைய ஆலையில் என்னோடு இருந்த ஏகாம்பரம். காக்களூரில் நான் இப்போது வேலை பார்க்கும் பட்டறை வாசலில், மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்த நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, "சாமி, சவரி பூட்டாரு" என்றார்.

மற்றவர்களாக இருந்தால் அழுதிருப்பார்கள். நான் விசாரித்தேன். "யார் சொன்னது? எத்தனை மணிக்கு? நீ கண்ணால பார்த்தியா?" ஏகாம்பரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுலயுமா சாமி? மஞ்ச காமாலை. முந்தாநேத்து காலையில. நானே மண்ணு போட்டுட்டு வரேன், போதுமா?" என்றார். அதற்குப் பிறகுதான் பட்டறை வாசற்படியில் உட்கார்ந்தேன்.

ஆலையில் எங்களோடு இருந்தவர்களுக்கு என்னையும் தெரியும், என் குணமும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவள்ளூரில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம் எங்களுடையது. மடைப்பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய நான், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்பு ஆலையின் கேட்டில் போய் உட்கார்ந்தேன். உள்ளே வருகிறவனிடம் பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே போகிறவனிடம் பித்தளை, செம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையைப் பிரித்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சந்தேகம் வந்தால் மடியையும் தடவ வேண்டும். எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்?

சவரிமுத்து அங்கே பிட்டர். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஒரு கிராமத்தில் அவருடைய அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். சவரி பட்டாளத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு ஆலைக்கு வந்தார். கேட்டில் என் முன்னால் வந்து நின்றால், நான் கேட்பதற்கு முன்பே டப்பாவைத் திறந்து நீட்டுவார். கண் மட்டும் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். கேட்காமலே திறந்து காட்டுகிறவன் வேறு எதையோ மறைக்கிறான் என்பது அந்த நாளில் என் சித்தாந்தம்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஆலை மூன்று நாள் மூடியிருக்கும். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு எல்லாரும் ஊருக்குப் போவார்கள். சவரியும் ஏகாம்பரமும் இன்னும் மூன்று பேரும் மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு சத்தியவேடு மலைக்கு நடக்கப் போவார்கள். கோயிலும் இல்லை, வேண்டுதலும் இல்லை. மலை ஏறி, காட்டில் தங்கி, ஓடையில் குளித்து, பொங்கித் தின்றுவிட்டு வருவார்கள். இதை யார் நம்புவது? நான் நம்பவில்லை.

அந்த வருடம் ஸ்டோரில் ஒரு தார்பாய் குறைகிறது என்று டைம் ஆபீசில் என் காதில் போட்டு வைத்தார்கள். அதே வாரம் சவரி என்னிடம் வந்து, "சாமி, நீயும் எங்ககூட மலைக்கு வாயேன்" என்றார். நான்கு வருடமாகக் கூப்பிடாதவர் இப்போது ஏன் கூப்பிடுகிறார்? என் வாயை அடைக்கவா? மலையில் கூடாரம் போட எதை விரிப்பார்கள்? எல்லாம் சேர்ந்து ஒரே நிமிடத்தில் மண்டையில் ஓடியது. வருகிறேன் என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சவரியின் வீட்டில் மூட்டை பிரிப்பார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். ஒவ்வொருவரும் கொண்டுபோக நினைக்கிற சாமான்களைத் தரையில் துணி விரித்துப் பரப்ப வேண்டும். சவரி ஒவ்வொன்றாக இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது இன்னாத்துக்கு?" என்பார். ஒரே மூச்சில் பதில் வராவிட்டால் அது வீட்டோடு நின்றுவிடும். ஏகாம்பரத்தின் டிரான்சிஸ்டர் அப்படித்தான் நின்றது. என் வெண்கலப் பானையைத் தூக்கிப் பார்த்து, "இத்த தூக்கறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு சோறு தூக்கறதுக்கு இன்னொரு ஆளா?" என்றார். அடுத்து என் பையிலிருந்து எடுத்தது ஒரு பூட்டு.

"பூட்டு இன்னாத்துக்கு சாமி?"

"பைக்குத்தான். வழியில யாராவது..."

"ஆடு மேய்க்கறவன்கூட நம்ம மூஞ்சப் பாத்தா ஓடிப்பூடுவான். மலைக்கு கதவே இல்ல, பூட்டு எடுத்தாந்துக்கிறியே!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டிலிருந்து வந்த புளியோதரை மட்டும் கேள்வியில்லாமல் தேறியது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாளு நிக்கும், வெய்யி" என்றார்.

அவர் கட்டச் சொன்ன விதத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். தீக்குச்சிகளின் தலையை மெழுகில் தோய்த்து டப்பாவில் அடைக்க வேண்டும். டார்ச் லைட்டில் ஒரு செல்லைத் திருப்பிப் போட வேண்டும், பைக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடாமல் இருக்க. "நெருப்பு, உப்பு, கவுறு, மூணும் ஒரே ஆளுகிட்ட இருக்கக்கூடாது. அவன் உருண்டா மூணும் உருளும்" என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். எடை அதிகம் என்று முனகினவனிடம், "தோளு மூணாவது மைல்லதான் பேசும். ஊட்லயே அத்தக் கேட்டுக்கோ" என்றார். எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஐந்து பேர் பையையும் விரித்துப் போட்டவர், தன் பையை மட்டும் விரிக்கவில்லை. பட்டாளத்துப் பச்சைப் பை, ஏற்கனவே கட்டி மூலையில் சாத்தியிருந்தது. என் கண் அதை விட்டு நகரவில்லை.

இரண்டாம் நாள் உச்சி வேளையில் ஓர் ஓடைக்கரையில் இறங்கினோம். எல்லாரும் குளிக்கப் போனார்கள். காலில் கொப்புளம் என்று நான் பொய் சொல்லி உட்கார்ந்துகொண்டேன். குரல்கள் தூரப் போனதும் சவரியின் பையை அவிழ்த்தேன். மாற்று வேட்டி, ஒரு சுருள் கயிறு, களிம்பு டப்பா, அதற்கடியில் தார்பாய். ஆலையின் சிவப்புப் பெயின்ட் எழுத்தில் பாதி அதில் பளிச்சென்று தெரிந்தது. பிடித்துவிட்டேன்! சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அது ஒரு நிமிடம்தான் நின்றது. மூன்று மாதம் முன்புதான் பித்தளைத் துண்டுக்காக இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள், பிடித்துக் கொடுத்தது நான். சவரிக்கு மூன்று பெண் குழந்தைகள். அவர் வேலை இப்போது என் கையில் இருந்தது. பையை அவசரமாகக் கட்டி வைத்தேன்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சவரி கொஞ்சமும் கூசாமல் அந்தத் தார்பாயை எடுத்து இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டினார். எல்லாரும் அடியில் புகுந்தார்கள். நான் வெளியே நின்று நனைந்துகொண்டிருந்தேன். "உள்ள வா சாமி, இன்னா ரோசனை?" என்றார். திருட்டுச் சொத்தின் கீழே போய் உட்கார்ந்தேன். அங்கே காய்ந்த இடத்தில் அவர் கொடுத்த டீயையும் குடித்தேன்.

திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை. பெரிய மனது பண்ணி விட்டுவிட்டதாக எனக்கு நினைப்பு. அன்றிலிருந்து கேட்டில் சவரியின் டப்பாவைத் திறக்கவிடாமல், "போ சவரி, போ" என்று கையைக் காட்டினேன். ஒரு பார்வையும் பார்ப்பேன். எனக்குத் தெரியும், ஆனாலும் விடுகிறேன் என்கிற பார்வை. அடுத்த பூஜை நெருங்கும் வரை, ஏறக்குறைய ஒரு வருடம் இந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் அவர் நகரவில்லை.

"இன்னா சாமி, என் டப்பாவுக்கு மட்டும் லீவு உட்டுட்டியா? மத்தவன்லாம் பாக்கறான். தொற."

நான் குரலைத் தாழ்த்தி, "தார்பாய் சமாசாரம் எனக்குத் தெரியும் சவரி. யார்கிட்டேயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன், பயப்படாதே" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். கேட் பாஸ். கிழிந்து கழித்துப் போட்ட தார்பாயில் பாதியைப் பிட்டர் சவரிமுத்து எடுத்துப் போகலாம் என்று என்ஜினீயர் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் லீவில் இருந்த நாள், எனக்குப் பதில் கேட்டில் உட்கார்ந்தவர் பார்த்து வெளியே விட்டிருக்கிறார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்த்தது எதைத் தெரியுமா? தேதியை. மலைக்குப் போனதற்கு முந்தினதா, பிந்தினதா என்று. முந்தினதுதான். அப்படியும் விடாமல் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என்ன ஜென்மம் நான்! ஸ்டோரில் குறைந்த தார்பாய் ஒரு லாரியோடு தவறிப் போய், மறுமாதமே திரும்பி வந்திருந்ததாம். கேட்டுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நீ பையத் தொறந்தது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் சவரி. "என் முடிச்சி வேற, உன் முடிச்சி வேற. அதுகூட பேஜாரில்ல. தொறந்தவன் கேக்கணுமா இல்லியா? கேட்டிருந்தா சீட்டக் காட்டிட்டிருப்பேன். ஒரு வருசமா என்னைத் திருடன்னு நெனச்சிக்கினு, போனா போவுதுன்னு உட்டுக்கினு இருந்திருக்கியே சாமி!"

"அப்போ உன் பையை மட்டும் ஏன் பிரிச்சுக் காட்டலை?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குக் கேள்விதான்.

"தெனம் ரெண்டு தபா என் டப்பாவத் தொறக்குற. மடியத் தடவுற. உன் வேல, செய்யி. வருசத்துல மூணு நாளு, எவன் கையும் படாத ஒரு பை எனக்குன்னு இருக்கட்டுமேன்னு பாத்தேன். அத்தயும் தொறந்துட்ட."

தப்புதான் சவரி என்றேன். "தப்புதான்" என்று அவரும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பூஜைக்கு என்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் ஐந்து பேரும் பையோடு பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வருடம் ஏகாம்பரம் வந்து, "மூட்ட பிரிக்கிறோம் சாமி, சவரி உன்னை வரச் சொன்னாரு" என்றார். போனேன். சவரி என் சாமான்களை முன்போலவே விரலால் தூக்கிக் கேள்வி கேட்டார். அவர் பை முன்போலவே மூலையில் கட்டியிருந்தது. ஓடைக்கு வந்ததும் எல்லார் முன்னாலும், "என் பைய சாமி பாத்துக்குவாரு" என்று என் மடியருகே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஏகாம்பரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதையும் சேர்த்து, நான் ஆலையை விட்டு வரும் வரை ஆறு பூஜைக்குப் போனேன். ஆறு முறையும் அதே ஓடை, அதே பேச்சு. "என் பைய சாமி பாத்துக்குவாரு." என்னை நம்பிச் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஒரு சமயம் இப்படி நினைப்பேன், ஒரு சமயம் அப்படி. அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

செய்தி வந்த மறுநாள் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அவர் மனைவி மரியம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் மூவரும் பக்கத்தில். ஆறுதல் சொல்ல வேண்டிய நான், அந்தக் கேள்வியைக் கேட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கேட்காமல் இருந்து ஒரு வருடம் அந்த மனிதரை நான் என்ன பாடு படுத்தினேன் என்பது எனக்குத்தான் தெரியும். "அம்மா, பையைப் பாத்துக்கச் சொன்னாரே, என்னைக் குத்திக் காட்டத்தானா?"

அழுதுகொண்டிருந்த மரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்த ஏன் கேக்குறீங்க சாமி. கெளம்பறதுக்கு முந்தின நாளு ஒரு சீட்டுல உங்களுக்கு இன்னாவோ எழுதுவாரு. எல்லாத்துக்கும் மேல வெச்சிக் கட்டுவாரு. சாமி தொறந்தா மொதல்ல இத்தப் படிக்கட்டும்னுவாரு. திரும்பி வந்தா மொத வேல, அத்த எடுத்துப் பாக்கறதுதான். மடிச்சது மடிச்சபடியே இருக்கும். சாமி தொறக்கல மரியான்னு சிரிச்சிக்கினே அடுப்புல போட்டுடுவாரு."

"என்ன எழுதியிருந்தார்?"

"எனக்கு இன்னா, படிக்கவா தெரியும்?"

"ஆறு தடவையுமா?"

"ஆறு தபாவும்."

படுபாவி மனுஷன்! ஆறு வருடம் என்னைக் கேட்டில் நிறுத்திச் சோதித்திருக்கிறார், எனக்கே தெரியாமல். சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதேன். அந்தப் பெண்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மரியம்மாவிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். திரும்பப் போன முதல் வருடம் நான் பையைத் திறக்காமல் இருந்தது யோக்கியத்தால் அல்ல, ஏகாம்பரம் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தால். அடுத்த வருடம் தூக்கி எடை பார்த்தேன். அதற்கடுத்த வருடம் வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தேன். அப்புறம் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஓடையில் அவர்கள் கத்திக் குதித்தது நினைவிருக்கிறது, பை நினைவில் இல்லை. எந்த வருடத்திலிருந்து அது எனக்கு வெறும் பையாகிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி வருடம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதன் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன். சவரி ஈரத் தலையோடு வந்து தோளைத் தட்டி, "எந்திரி சாமி, சோறு ஆறுது" என்றார். எல்லார் மேலும் சந்தேகப்பட்டு வாழ்ந்த எனக்கு, அப்படி அயர்ந்து தூங்கிய ஒரு மத்தியானம் இருக்கிறது. அவர் கொடுத்தது. அதை நான் யாருக்கும் தரமாட்டேன்.